தில்லியில் இருந்துகொண்டு சாரஸ் கொக்கு பார்க்க

முதலில் தலையைப் பாருங்கள். முகமும் மேல்கழுத்தும் இறகில்லாமல் செக்கச்செவேலென்று, உச்சந்தலை மட்டும் சாம்பல் பூத்து, உடம்பு முழுக்க வெளிர்சாம்பலாக ஆளுயரத்துக்கு ஒன்று வயலில் நின்றால் அது சாரஸ்தான். பறக்கிற பறவைகளிலேயே உலகத்தில் உயரமானது இதுதான், 1.8 மீட்டர் வரை வளரும். நம் தமிழ்நாட்டுப் பக்கம் இதைப் பார்க்கக் கிடைக்காததால், தில்லி மிருகக்காட்சிசாலை மரங்களில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரையைக் காட்டி இதுதான் சாரஸ் என்று பிள்ளைகளிடம் சொல்பவர்கள் உண்டு. சாரஸ் மரத்தில் உட்காராது, கிளையைப் பற்றிக்கொள்ள வாகான பின்விரல் அதற்குக் கிடையாது. பறக்கும்போதும், வயல் கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும், இது நேராக நீட்டிக்கொண்டு போகும்.

சரி, எங்கே போவது? மயூர் விஹார் பக்கம் இருப்பவர்களுக்கு கிரேட்டர் நொய்டாவைத் தாண்டி இருக்கும் தனௌரி சதுப்புநிலம் வசதி, குருகிராம் பக்கம் என்றால் சுல்தான்பூர் தேசியப் பூங்கா. நான் தனௌரிதான் சொல்வேன். விடியும்போது அங்கே இருங்கள், குடிதண்ணீர், தொப்பி, பைனாகுலர் எல்லாம் கையோடு.

கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் முதலில் தெரியும். ஜோடி இரண்டும் கழுத்தை வானம் பார்க்க நிமிர்த்திச் சேர்ந்து கூவும். ஆண் ஒரு தடவை நீளமாகக் கூப்பிட, அதற்குள் பெண் இரண்டு தடவை சின்னதாகக் குரல் கொடுத்துவிடும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால், ஆண் எது பெண் எது என்று பிரித்தறிய இதைவிட நல்ல வழி இல்லை.

மழைக்காலம்தான் கூடு கட்டும் காலம். ஆழமில்லாத தண்ணீரில், சில சமயம் நெல்வயலுக்கு நடுவிலேயே, சுற்றிலும் இருக்கும் கோரையையும் புல்லையும் பிடுங்கிப் பிடுங்கிக் குவித்து மேடாக்கும். பிடுங்கிய இடமெல்லாம் வெறும் தண்ணீராகி, கூட்டைச் சுற்றி அகழி வெட்டியதுபோல நிற்கும். பெரும்பாலும் இரண்டு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஒரு மாதம் போல அடைகாக்கும்.

இங்கேதான் கவனம் வேண்டும். முதல் வருஷம், செப்டம்பரில், நல்ல போட்டோ கிடைக்குமே என்று வரப்பில் இறங்கி நடந்தேன். அடையில் இருந்த பறவை எழுந்து விலகிவிட்டது, முட்டைகள் இரண்டும் திறந்து கிடந்தன, மேலே காக்கை சுற்ற ஆரம்பித்துவிட்டது. நான் ரோட்டுக்குத் திரும்பி வெகுநேரம் கழித்துத்தான் அது கூட்டுக்கு வந்தது. இன்னும் அதை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால் ரோட்டிலேயே நில்லுங்கள். மேய்ந்துகொண்டிருக்கும் பறவை தலையை நிமிர்த்தி உங்களையே பார்த்தால் நீங்கள் ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், அப்படியே பின்னால் வந்துவிடுங்கள். கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடவே போடாதீர்கள்.

குடும்பமாகப் பார்க்க வேண்டுமென்றால் நவம்பர், டிசம்பர் வரை பொறுங்கள். பொரிந்த சில நாட்களிலேயே நடக்கத் தொடங்கிய குஞ்சு அதற்குள் முக்கால்வாசி உயரம் வந்திருக்கும், தலை மட்டும் சிவக்காமல் இறகு மூடிப் பழுப்பாக இருக்கும். அப்பா முன்னால், அம்மா பின்னால், நடுவில் அது என்று பனிமூட்டத்துக்குள் நடந்து போவதை ரோட்டில் நின்றபடியே ஆற அமரப் பார்க்கலாம்.