மனநல ஆலோசகராக விரும்புவோர் எதைப் படிக்க வேண்டும், எங்கே பணியாற்றலாம்

பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர்களும், வேறு வேலையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு இத்துறைக்கு வர நினைப்பவர்களும் என்னிடம் முதலில் கேட்பது, எந்தச் சான்றிதழ் வாங்கினால் ஆலோசகர் ஆகலாம் என்பதைத்தான். அந்தக் கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்கும்படி நான் சொல்வேன். எந்தப் படிப்பில், தேர்ந்த ஒருவரின் மேற்பார்வையில், எத்தனை மணி நேரம் உண்மையான மனிதர்களோடு உட்காரக் கிடைக்கும்? மனநல ஆலோசனை என்பது பாடநூலில் தொடங்கினாலும், கைப்பழக்கத்தால் மட்டுமே வரும் தொழில் என்பதால், படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஓர் அளவுகோலே போதுமான வழிகாட்டி என்று நம்புகிறேன்.

முதலில் யார் யார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ் முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதும் உரிமை அவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர் என்பவர், இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து அதன் பதிவேட்டில் பெயர் பதிந்தவர். உளவியல் சோதனைகள் நடத்துவதும், நோயைக் கண்டறிவதில் பங்கெடுப்பதும், முறையான சிகிச்சை உரையாடல்களை நடத்துவதும் அவர் வேலை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல வல்லுநர் என்று யாரைச் சொல்கிறதோ, அந்த வரையறைக்குள் மருத்துவ உளவியலாளரும், மனநலச் சமூகப் பணியாளரும், மனநலச் செவிலியரும் வருகிறார்கள். 'ஆலோசகர்' என்ற பெயர் அதில் இல்லை. எனவே ஆலோசகராகப் பணியாற்றுபவர் நோய்க்குப் பெயர் சூட்டுவதும், மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்வதும் கூடவே கூடாது. வாழ்க்கையின் நெருக்கடி, இழப்பு, உறவுச் சிக்கல், பயம், குழப்பம் ஆகியவற்றோடு வருபவருக்கு உடனிருந்து வழி தேட உதவுவதே அவர் பணி.

இந்தப் பணிக்குத் தமிழில் ஓர் அழகிய சொல் அரசு அறிவிப்புகளிலேயே இருக்கிறது: ஆற்றுப்படுத்துநர். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வள்ளலிடம் செல்லும் வழியைச் சொல்வதுதான் ஆற்றுப்படை. வழி சொல்பவன் கூடவே நடந்து போவதில்லை. நடக்க வேண்டியவன் மற்றவன்தான். இலங்கையில் இதையே உளவளத்துணை என்கிறார்கள். இரண்டு சொற்களுமே 'அறிவுரை' என்ற பொருளைத் தவிர்ப்பதைக் கவனியுங்கள்.

படிப்பின் வழக்கமான பாதை இதுதான். பெரும்பாலான கல்லூரிகள் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுத்தவரையும் உளவியல் இளங்கலையில் சேர்த்துக்கொள்கின்றன. அதன்பின் ஆலோசனை உளவியல், பயன்முறை உளவியல், மருத்துவ உளவியல் என ஏதேனும் ஒன்றில் இரண்டாண்டு முதுகலை படிக்க வேண்டும். ஆலோசகர் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பொதுவாக எதிர்பார்ப்பது இந்த முதுகலையைத்தான். சமூகப்பணி முதுகலையில் மருத்துவ, மனநலச் சிறப்புப் பிரிவை எடுப்பது இன்னொரு நல்ல வழி. குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கத்தை அந்தப் படிப்பு கொடுப்பதுபோல் உளவியல் வகுப்பறை கொடுப்பதில்லை என்பது என் அனுபவம். மருத்துவ உளவியலாளர் ஆக விரும்புபவர், பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் போன்ற, மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற இடங்களில் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நெடுங்காலம் இரண்டாண்டு எம்.ஃபில் என்று இருந்த இந்தப் படிப்பின் வடிவம் இப்போது மாறி வருவதால், சேரும் ஆண்டில் கவுன்சில் வெளியிட்டிருக்கும் பட்டியலை நேரடியாகப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

அஞ்சல் வழிப் படிப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே உளவியல் முதுகலை முடித்தவர்கள் நம்மிடையே ஏராளம். ஆனால் 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல், உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021ஆம் ஆண்டில் வந்த தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் உளவியலும் வருவதே காரணம். இதை அறியாமல், யாரோ ஒரு முகவர் சொன்னதை நம்பிச் சேர்ந்து ஆண்டை இழக்காதீர்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று விளம்பரம் வரும் டிப்ளமோக்கள் ஏற்கெனவே ஆசிரியராகவோ செவிலியராகவோ இருப்பவருக்குக் கேட்கும் திறனைக் கூட்டும். தனித்து ஆலோசகராக அமர அவை போதாது.

கல்லூரிக்கு நேரில் சென்று, மூத்த மாணவர்களிடம் பேசுங்கள். களப்பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை வாரம்? மேற்பார்வையிடுபவர் தாமே ஆலோசனை வழங்குபவரா, பாடம் மட்டும் எடுப்பவரா? மாணவர் நடத்திய உரையாடலை எழுத்தில் வாங்கி வரி வரியாகப் பார்க்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் வேறு கல்லூரியைப் பாருங்கள் என்பேன். நான் பயிற்சியில் இருந்தபோது, சக மாணவி ஒருத்தியோடு நடத்திய இருபது நிமிட உரையாடலைப் பதிவு செய்து, சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டு போனேன். மேற்பார்வையாளர் சிவப்புப் பேனாவால் நான் பேசிய வரிகளுக்கு மட்டும் அடிக்கோடிட்டார். பக்கத்தில் பாதிக்கு மேல் சிவப்பாகிவிட்டது. ஓரிடத்தில் அவள், "அம்மா போனதுலேர்ந்து நான் சமையக்கட்டுப் பக்கமே போறதில்ல" என்று சொல்லியிருந்தாள். அடுத்த வரியில் நான், "அப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?" என்று கேட்டிருந்தேன். அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "இங்க நாலு நொடி சும்மா இருந்திருந்தா அவங்க மேல பேசியிருப்பாங்க." இதை எந்தத் தேர்வுத்தாளும் எனக்குக் கற்பித்திருக்காது.

நம் மாணவர்கள் சறுக்கும் இன்னோர் இடம் மொழி. பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். எதிரே உட்காருபவர் பேசுவதோ ஊர்த் தமிழில். 'டிப்ரெஷன்' என்பதற்கு மனச்சோர்வு என்று நாம் மொழிபெயர்த்து வைத்திருக்கும் சொல்லைக் கேட்டால், வேலை செய்த களைப்பைத்தான் கேட்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். "நெஞ்சு படபடங்குது", "ஒண்ணும் ஓடல", "யாரப் பாத்தாலும் எரிச்சலா வருது", "ராத்திரி முழுக்க முழிச்சே கெடக்குறேன்" என்று மக்கள் தம் துன்பத்தை உடம்பின் மொழியிலேயே சொல்கிறார்கள். படிக்கும் நாளிலிருந்தே ஒரு குறிப்பேடு வைத்து, இத்தகைய தொடர்களை, சொன்னவரின் அடையாளம் எதுவும் இல்லாமல், சேர்த்துக்கொண்டே வாருங்கள். அவற்றுள் ஒன்றை மட்டும் ஒருபோதும் கடந்து போகக் கூடாது: "பேசாம போய்ச் சேந்துடலாம்னு இருக்கு." அலுப்பில் சொல்வதாகத் தோன்றினாலும், "சாகணும்னு தோணுதாம்மா? எப்படின்னு யோசிச்சீங்களா?" என்று நிதானமாக, நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. கேட்ட பிறகு பலர் மூச்சு விட்டுப் பேசுவதையே நான் கண்டிருக்கிறேன். ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் தனியே விட்டுவிடாமல், வீட்டாரையும் மனநல மருத்துவரையும் உடனே சேர்ப்பது உங்கள் கடமை.

சட்டத்தையும் கற்றாக வேண்டும். வந்தவர் சொன்னதை வெளியே சொல்லாமல் காப்பது அவருடைய உரிமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளே விதிவிலக்கு. குழந்தை ஒன்று பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே எளிய சொற்களில் சொல்லிவிட்டால் பின்னால் நம்பிக்கை உடையாது.

படித்து முடித்தவருக்கு வேலை எங்கே? 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் குறைந்தது ஒரு தகுதி பெற்ற ஆலோசகரையோ, உளவியலாளரையோ, சமூகப் பணியாளரையோ வைத்திருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வழங்கியிருப்பதால், பள்ளி, கல்லூரிப் பணிகளைத் தேடுவோர் அதை மேற்கோள் காட்டியே விண்ணப்பிக்கலாம். அரசுத் துறையில், எச்.ஐ.வி சோதனையும் ஆலோசனையும் வழங்கும் நம்பிக்கை மையங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள், வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள், குடும்ப நல நீதிமன்றங்கள் ஆகியவற்றில் ஆலோசகர் பணி உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநலச் சேவையான டெலி மானஸ், 14416 என்ற எண்ணில் தொலைபேசி வழி உதவி அளிக்கிறது. அங்கேயும் ஆலோசகர்களே முதலில் அழைப்பை எடுக்கிறார்கள். மது, போதை மறுவாழ்வு இல்லங்கள், மருத்துவமனைகள், பணியாளர் நலம் பார்க்கும் நிறுவனங்கள், சென்னையின் ஸ்கார்ஃப், பேன்யன் போன்ற மனநலத் தொண்டு அமைப்புகள் என்று வாய்ப்பு விரிகிறது. படிக்கும்போதே கேட்டுப் பழக விரும்புபவர், 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கிவரும் சினேகாவைப் போன்ற அமைப்புகளில் தன்னார்வலராகப் பயிற்சி பெறலாம்.

சம்பளத்தை மறைத்துப் பேசுவது சரியல்ல. அரசு ஆலோசகர் பணிகளில் பல, தொகுப்பூதியத்தில், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தங்கள். குடும்பப் பொறுப்பு உள்ளவர் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். படித்து முடித்த கையோடு வாடகைக்கு அறை எடுத்துத் தனியே தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு மூன்று ஆண்டுகளாவது மருத்துவரும் சமூகப் பணியாளரும் இருக்கும் குழுவில் பணியாற்றினால், எப்போது தாம் விலகி வேறொருவரிடம் அனுப்ப வேண்டும் என்பது பிடிபடும். வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே, அலுவலகத்துக்கு வெளியே ஒரு மூத்த ஆலோசகரைத் தேடிப்பிடித்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறையேனும், வந்தவர்களின் பெயரைச் சொல்லாமல், அவரோடு உட்கார்ந்து உங்கள் உரையாடல் குறிப்புகளைப் பார்க்கும் நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் கேட்டால் முதல் சம்பளத்திலிருந்தே எடுத்து வையுங்கள்.