பழைய சிடியும் டியூப்லைட்டும் வச்சு குவாண்டம் படிய கண்ணால பாக்கறது எப்படி

உலகம் பிக்சல் பிக்சலா இருக்கா இல்ல வெட்டே இல்லாம தொடர்ச்சியா போகுதான்னு டீக்கடையில சண்ட போடறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ செஞ்சு பாத்துடுங்க. பாலக்கோடு பக்கம் தக்காளி தோட்டத்துல குருவி வெரட்ட சிடி கட்டி தொங்க விட்டிருப்பாங்கல்ல, அதுல ஒன்னு கேட்டு வாங்குங்க, ஆனா கீறல் விழுந்து வெளுத்தது வேணாம், நான் அப்படி ஒன்ன தூக்கிட்டு வந்து ஒரு சாயங்காலமே வேஸ்ட்.

செருப்பு டப்பாவோட ஒரு முனையில பிளேடால படுக்க வாக்குல ஒரு சந்து போடுங்க, 1 மில்லிமீட்டருக்கும் கம்மியா. எதிர் முனையில சிடிய சாச்சு நிறுத்துங்க, மின்னற பக்கம் சந்தப் பாத்து. சிடிக்கு மேல மூடியில எட்டிப் பாக்க ஓட்ட. சிடில வரிக்கு வரி 1.6 மைக்ரோமீட்டர் தான் எடவெளி, அதான் வெளிச்சத்த நிறம் நிறமா பிரிக்குது. சாய்வ ஆட்டி ஆட்டி தான் புடிக்கணும், பொறுமை வேணும். சூரியன நேரா பாத்துடாதீங்க.

மொதல்ல குண்டு பல்பு: செவப்புல இருந்து ஊதா வரைக்கும் வெட்டே இல்லாத பட்டை. அடுத்து சோக் வச்ச பழைய டியூப்லைட்ட பாருங்க, மங்கலான பட்டைக்கு மேல பளிச்சுனு தனித்தனி கோடு நிக்கும், அலைநீளம் பச்சைக்கு 546 நானோமீட்டர், நீலத்துக்கு 436. ரெண்டும் பாதரச அணு குடுக்கறது, எலக்ட்ரான் மேல் படியில இருந்து கீழ் படிக்கு எறங்கறப்ப வர்ற வெளிச்சம். படின்னா அணுவுக்குள்ள எலக்ட்ரான் வச்சுக்க முடியற எனர்ஜி அளவு, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவுல நிக்க எடம் கெடையாது.

ஏன் படி? மாட்டுக் கயித்த தூண்ல கட்டி மறுமுனைய ஆட்டுங்க. ஒரு வளைவு, ரெண்டு, மூணுன்னு தான் நெலையா நிக்கும், ஒன்னேகால் வளைவு நிக்காது. கயித்துல எங்கயும் வெட்டு இல்ல, ரெண்டு பக்கமும் புடிச்சதால தான் எண்ணிக்கை வந்துச்சு. எலக்ட்ரானும் அலை மாதிரி நடந்துக்கும், அணுவுக்குள்ள மாட்டினா அதுவும் அப்படித்தான், வெளிய தப்பிச்சுட்டா அதே எலக்ட்ரான் எந்த எனர்ஜிலயும் ஓடலாம். இந்த எலக்ட்ரான் அலைக்கு 1926ல இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் எழுதின சமன்பாட்டுலயும் எடமும் நேரமும் தொடர்ச்சி தான். பிளாங்க் நீளம்னு அணுவ விட ரொம்ப ரொம்ப சின்ன ஒரு நீளம் இருக்கு, அது தான் உலகத்தோட பிக்சல்னு யூடியூப்ல அடிச்சு விடுவாங்க, அத எந்த சோதனையும் இதுவரைக்கும் காட்டல.

எல்இடி பல்ப்ல கோடு வராது, நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவுல மங்கலா ஒரு பள்ளம் தான் தெரியும், டப்பா ரிப்பேர்னு நெனச்சு தூக்கிப் போட்டுடாதீங்க.