பக்க வேகத்தைச் சரிசெய்ய, மதிப்பெண்ணை விட்டுவிட்டு முதல் படத்தில் தொடங்குங்கள்

தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும்போது பக்கம் திறக்கும் வேகத்தைக் கூகுள் கணக்கில் எடுக்குமா என்றால், எடுக்கும். 2010-ல் கம்ப்யூட்டர் தேடலில் சேர்த்தார்கள், 2018-ல் மொபைலுக்கும் வந்தது. ஆனால் தேடி வந்தவருக்கு வேண்டிய பதில் உங்கள் பக்கத்தில் இல்லையென்றால், எவ்வளவு வேகமாகத் திறந்தாலும் மேலே ஏறாது. ஏறக்குறைய ஒரே தரத்தில் பல பக்கங்கள் மோதும்போதுதான் வேகம் கைகொடுக்கும்.

முதலில் பக்க வேகத்தை அளக்கும் கூகுளின் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸைத் திறந்து, உங்கள் தளத்தில் அதிகம் பேர் வந்து இறங்கும் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். வட்டத்துக்குள் தெரியும் மதிப்பெண்ணை 100 ஆக்கத்தான் எல்லோரும் படாதபாடு படுகிறார்கள், அது வெறும் ஒரு சோதனை ஓட்டம்தான். அதற்கு மேலே இருப்பது கடந்த 28 நாட்களில் குரோமில் வந்த நிஜ வாசகர்களின் அனுபவம், தரவரிசைக்குப் போவது அதுதான். வருகை குறைவான தளமென்றால் அந்த இடம் காலியாக இருக்கும், அப்போது சோதனை முடிவை வைத்தே வேலையைத் தொடங்கலாம்.

அங்கே மூன்று எண்களைப் பாருங்கள். திரையின் பெரிய படமோ எழுத்தோ தெரிய ஆகும் நேரம் எல்சிபி, 2.5 விநாடிக்குள் இருக்க வேண்டும். தொட்டால் பக்கம் அசைந்து கொடுக்க ஆகும் நேரம் ஐஎன்பி, 200 மில்லி விநாடி. படிக்கும்போதே வரிகள் துள்ளுவதை அளப்பது சிஎல்எஸ், 0.1. நான்கில் மூன்று வருகைகளாவது இந்த அளவுக்குள் வந்தால் தேர்ச்சி.

அடுத்து எல்சிபி. பெரும்பாலும் குற்றவாளி மேலே இருக்கும் முதல் படம்தான். 400 பிக்சல் அகலத்தில் தெரியப்போகிற இடத்தில் கேமராவிலிருந்து வந்த 4000 பிக்சல் படத்தை அப்படியே ஏற்றியிருப்போம். அளவைக் குறைத்து வெப்பி (WebP) வடிவில் சேமியுங்கள். அப்புறம் பலர் கவனிக்காத ஒன்று: தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சில பிளகின்கள் எல்லாப் படங்களுக்கும் லேஸி லோடிங் போட்டுவிடும், அதாவது வாசகர் அருகில் வரும்போதுதான் படம் இறங்கும். கீழே இருக்கும் படங்களுக்கு அது நல்லது, முதல் படத்துக்குப் போட்டால் பக்கத்தின் அமைப்பைக் கணக்கிட்டு முடிக்கும் வரை பிரவுசர் அந்தப் படத்தைக் கேட்கவே கேட்காது. முதல் படத்துக்கு மட்டும் அதை எடுத்துவிடுங்கள்.

சிஎல்எஸ் சுலபம்: ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் எழுதுங்கள், விளம்பரத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்குங்கள். ஐஎன்பி மோசமென்றால் யாரும் தொடாத அரட்டைப் பெட்டி, வாசகர்களைக் கண்காணிக்கும் பழைய டிராக்கர் போன்ற ஸ்கிரிப்ட்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள்.

சரி, எல்லாம் முடித்துவிட்டு மறுநாளே எண் மாறவில்லை என்று பதறாதீர்கள். பழைய நாட்களின் கணக்கு முழுதாக உதிர 28 நாள் ஆகும், அதுவரை தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.