பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்று மணி நேரம்

பள்ளி மணி அடித்ததிலிருந்து பெற்றோர் வேலை முடிந்து வரும் வரை ஏறக்குறைய 3 மணி நேரம். அந்த நேரத்துக்கான காப்பகத்தை 9 ஆண்டுகளாக நடத்துகிறேன். 12 பிள்ளைகள், பெரியவர்கள் இருவர், ஒரு கூடம், ஒரு முற்றம். நீங்களும் தொடங்க நினைத்தால், பிள்ளை உள்ளே வரும் வாசலையும் வெளியே போகும் வாசலையும் பற்றி முதலில் யோசியுங்கள் என்பேன். எப்படிப்பட்ட தவறும் அங்கேதான் நடக்கும்.

அதற்கு முன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். செலவையெல்லாம் பிள்ளைகளின் எண்ணிக்கையில் எழுதிப் பாருங்கள். எனக்கு வாடகைக்கு 3 பிள்ளைகளின் கட்டணம் போகிறது. உடன் வேலை பார்க்கிறவர் சம்பளத்துக்கு 4. சிற்றுண்டி, காப்பீடு, மின்சாரம், காகிதம், வண்ணம் எல்லாம் சேர்ந்து 1. ஆக 8 பேர் இருந்தால் கைநஷ்டம் இல்லை; ஒன்பதாவது பிள்ளையிலிருந்துதான் என் உழைப்புக்குக் கூலி. 12 இடமும் உடனே நிறைந்துவிடும் என்று நம்பி வாடகை பேசாதீர்கள். எனக்கு முதல் ஐந்து மாதம் 5 பிள்ளைகள்தான். அதைத் தாங்கும் பணம் தனியாக எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன்.

கட்டணத்தை மாதத் தொடக்கத்திலேயே வாங்குங்கள். பிள்ளை வராத நாளிலும் வாடகையும் சம்பளமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தாமதமாக வந்து அழைத்துப் போனால் எவ்வளவு, பள்ளி விடுமுறையில் முழு நாள் வைத்துக்கொண்டால் எவ்வளவு என்பதையெல்லாம் சேர்க்கும்போதே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

பதிவு, உரிமம் பற்றிய விதிகள் இடத்துக்கு இடம் மாறும். உள்ளூர் அலுவலகத்தில் நேரில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கட்டட உரிமையாளரின் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும். வேலைக்கு வருபவரின் பின்னணியைக் காவல்துறை வழியாகச் சரிபார்ப்பதோடு, முன்பு வேலை பார்த்த இடத்துக்கு நீங்களே போன் செய்து பேசுங்கள். பிள்ளைகள் ஐந்தே பேர் என்றாலும் பெரியவர் இருவர் வேண்டும். ஒருத்தியின் முழங்கால் சிராய்ப்பை நீங்கள் கழுவிக்கொண்டிருக்கையில் மற்ற நால்வரை யார் பார்ப்பது?

இனி வாசல். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், பள்ளியிலிருந்து வர வேண்டிய ஏழு வயதுப் பெண் வரவில்லை. அம்மா போனை எடுக்கவில்லை. நான் தெருவில் ஓடினேன், திரும்பி வந்தேன், மறுபடி ஓடினேன். 40 நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது, ஊரிலிருந்து வந்த பாட்டி நேராகப் பள்ளிக்குப் போய் அழைத்துச் சென்றிருக்கிறார். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டு வைக்கும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. அன்று இரவு உட்கார்ந்து ஒரு கெட்டி அட்டை நோட்டில் கோடு போட்டேன். பெயர், வந்த நேரம், போன நேரம், அழைத்துச் சென்றவர், கையெழுத்து. முதல் பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் யாரை எந்த வரிசையில் அழைப்பது என்று எண்கள். 10 நிமிடம் தாண்டினால் அழைக்கத் தொடங்கிவிடுவோம், யோசிப்பதில்லை. பட்டியலில் இல்லாதவர் வந்து நின்றால், "எங்க மாமாதான்" என்று பிள்ளையே சொன்னாலும் அனுப்ப மாட்டோம். எங்களிடம் உள்ள எண்ணில் பெற்றோரைப் பிடித்து, அவர்கள் வாயால் கேட்ட பிறகுதான்.

வந்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவல், அப்புறம் சாப்பாடு, அப்புறம் முற்றம். முக்கால் மணி நேரம் வரை வீட்டுப்பாட நோட்டை யாரும் திறப்பதில்லை. பகலெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து வந்த உடம்புகள் அவை. ஒரு பையன் தினமும் முதல் பத்து நிமிடம் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். நாங்கள் விட்டுவிடுவோம், தானே எழுந்து வருவான். மதிப்பெண் கூடும் என்று பெற்றோருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அமைதியான அரை மணி நேரமும் சந்தேகம் கேட்க ஒரு ஆளும் இருக்கும், அவ்வளவுதான்.

ஒவ்வாமைப் பட்டியலை உணவு பரிமாறும் இடத்திலேயே ஒட்டுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்று 48 மணி நேரம் ஆன பிறகு வரச் சொல்லுங்கள். சூடு பட்டால் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் பிடிக்க வேண்டும், ஐஸ் வைக்கக் கூடாது. முதலுதவிப் பயிற்சியை இருவருமே முடித்திருக்க வேண்டும். தலையில் அடி பட்டால், வீக்கம் இல்லாவிட்டாலும் பெற்றோருக்கு அன்றே எழுதிக் கொடுப்பேன்: வாந்தி, குழப்பம், வழக்கத்துக்கு மாறான தூக்கம் தெரிந்தால் உடனே மருத்துவமனை.

மாலையில் களைத்து வரும் அம்மாவுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். பிரச்சினை இருந்தால் பிள்ளை காதில் விழாமல், இரவு போனில் சொல்லுங்கள். வாசலில் அன்று கண்ட ஒரு விஷயம் போதும். மேசைக்கு அடியில் படுப்பவனின் அம்மாவிடம் நேற்று சொன்னேன்: "இன்னைக்கு செஸ்ஸில் தோத்துட்டு அழலை. காயெல்லாம் அவனே பெட்டியில அடுக்கி வச்சான்." அவர் சிரித்துக்கொண்டே நோட்டில் கையெழுத்துப் போட்டார்.