மாலை வெயில் எங்கே போனது?

மதுரைக்கான வானிலைக் கோப்பை, சோலார் மின் உற்பத்தியைக் கணக்கிடும் ‘சாம்’ (SAM) மென்பொருளில் ஏற்றினேன். சோலார் தகடுகள் நேர் தெற்கு நோக்கியவை; காலையும் மாலையும் உற்பத்தி ஏறக்குறைய சமமாக வர வேண்டும். ஆனாலும் ஆண்டு முழுக்கக் காலை உற்பத்தி தூக்கலாகவும் மாலை உற்பத்தி மட்டமாகவும் வந்தன. திசைக்கோணம், நிழல் இழப்பு, இன்வெர்ட்டர் என மாற்றிப் பார்த்ததில் நாட்கள்தான் வீணாயின.

கடைசியில் மணிவாரி அட்டவணையைப் பிரித்துப் பார்த்தேன். அந்தி நேர வரிசைகள் சிலவற்றில் கதிர்வீச்சு இருக்கிறது. ஆனால் மென்பொருளின் கணக்கில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே! ஏப்ரல் நடுவில் மதுரையில் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12.17 மணிக்கு. மென்பொருளோ 11.47 என்று கணக்கிட்டிருந்தது. சரியாக அரை மணி நேரம்.

கோப்பின் இரண்டாவது வரியில் நேர மண்டலம் 5 என்றிருந்தது. இந்திய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே இருப்பதால் அது 5.5 ஆக இருக்க வேண்டும். அந்த ஓர் எண்ணைத் திருத்திச் சேமித்து மீண்டும் ஓட்டினேன். மாலை உற்பத்தி திரும்பிவிட்டது. அப்பாடா! ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது எளிதில் படாது. காலையின் மிகை மாலையின் குறையைப் பெருமளவு மறைத்துவிடுகிறது.