சேற்றில் புதைந்த பேட்டன்: 1/35 அளவில் உங்கள் முதல் போர்க்கள டயோராமா

டேங்க் கிட் ஒன்றை வாங்கி ஒட்டி, வண்ணம் அடித்து, புல் ஒட்டிய பலகையின் மேல் தூக்கி வைத்தால் டயோராமா (மாதிரிகளை வைத்து அமைக்கும் சிறு காட்சி) தயார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முதல் முயற்சியை அக்கா மகனிடம் பெருமையாகக் காட்டினேன். "மாமா, இது ஏன் மிதக்குது?" என்று கேட்டான். குனிந்து பார்த்தால், ட்ராக்குக்கும் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) தரைக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி. நாற்பது டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, மேசை மேல் வைத்த தீப்பெட்டி மாதிரி நின்றுகொண்டிருந்தது.

அதனால் இந்தச் செய்முறையில் வண்ணத்தைவிடத் தரைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். காட்சியையும் அதற்கேற்றபடி, சேறே டேங்கை நிறுத்திய ஒரு சண்டையிலிருந்து எடுத்திருக்கிறேன்.

காட்சி

1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை, பஞ்சாபில் கேம் கரணுக்கு அருகே அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றி நடந்த சண்டை அது. பாகிஸ்தானின் எம்47, எம்48 என்ற அமெரிக்கத் தயாரிப்பு பேட்டன் டேங்குகள் முன்னேறி வந்தன. இந்தியப் படை குதிரை லாட வடிவில் பின்வாங்கி நின்றது. வாய்க்கால்களை உடைத்து வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்புக்குள் செஞ்சூரியன் டேங்குகளும், ஜீப் மேல் ஏற்றிய 106 மி.மீ. பின்னுதைப்பில்லா பீரங்கிகளும் மறைந்திருந்தன. அப்படி ஒரு ஜீப்பிலிருந்து டேங்குகளைச் சுட்டு வீழ்த்திய அப்துல் ஹமீதுக்கு, அவர் இறந்தபின் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. பாகிஸ்தான் தரப்பில் 97 டேங்குகள் அழிந்தன அல்லது பிடிபட்டன என்பது இந்தியக் கணக்கு. பிடிபட்டவற்றை அதே பஞ்சாபில் உள்ள பிக்கிவிண்ட் ஊரில் வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். அந்த இடத்துக்குப் 'பேட்டன் நகர்' என்றே பெயர் விழுந்தது.

நாம் செய்யப்போவது சண்டையை அல்ல, அது ஓய்ந்த பிறகு மிஞ்சிய ஒரு டேங்கை. எம்47 ஒன்று கரும்பை மிதித்துக்கொண்டு வந்து, சேற்றில் வயிறு தட்டி நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர்கள் மூடிகளைத் திறந்துபோட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். இதில் எனக்கு ஒரு சுயநலமும் உண்டு. மனித உருவங்களுக்கு முகம் வரைவது தொடக்கத்தில் பெரிய தலைவலி, ஆளில்லாத டேங்கில் அந்தத் தொல்லையே இல்லை.

முதலில் கணக்கு

1/35 என்றால் நிஜ அளவை 35-ஆல் வகுக்க வேண்டும். எம்47-இன் அகலம் மூன்றரை மீட்டர், நமக்கு 10 செ.மீ. பீரங்கிக் குழல் முன்னோக்கி இருக்கும்போது நீளம் எட்டரை மீட்டர், நமக்கு 24 செ.மீ. அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு, நமக்கு 13 மி.மீ. இந்தக் கடைசி எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். டேங்க் வயிறு தட்டி நிற்கிறது என்றால், ட்ராக் 13 மி.மீ. ஆழம் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். இரண்டு மூன்று மி.மீ. அழுத்திவிட்டு 'புதைந்துவிட்டது' என்று சொன்னால் கண் ஏமாறாது.

பலகை 30 × 22 செ.மீ. போதும். அதே அளவில் ஓர் அட்டையை வெட்டி, டேங்கின் அளவுக்கு இன்னோர் அட்டையை அதன்மேல் வைத்து நகர்த்திப் பாருங்கள். பலகையின் விளிம்புக்கு இணையாக வைத்தால் வாகன நிறுத்தம் போல இருக்கும், கொஞ்சம் சாய்வாகத் திருப்புங்கள். கரும்பு பின்பக்கம், திறந்த சேறு முன்பக்கம், டேங்க் கரும்பிலிருந்து பாதி வெளியே. சரி, திட்டம் முடிந்தது.

கிட்டும் ஒட்டுதலும்

இட்டாலெரி நிறுவனத்தின் எம்47 கிட் பழைய அச்சு, ஆனால் உதிரிகள் குறைவு. முதல் கிட்டுக்கு அதுவே போதும். டாகோம் கிட்டில் நுணுக்கம் அதிகம், உதிரிகளும் அதிகம். டமியாவின் எம்48ஏ3 நல்ல கிட்தான், ஆனால் அது வியட்நாமில் ஓடிய பிந்தைய வகை. இந்தக் காட்சிக்கு ஒட்டாது.

உதிரிகளைச் சட்டகத்திலிருந்து பிய்க்காதீர்கள். பக்கவாட்டு நிப்பரால் கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, பிறகு உதிரியை ஒட்டி இன்னொரு வெட்டு. மீதியை 400, அப்புறம் 800 எண் உப்புத்தாளால் தேயுங்கள். பிளாஸ்டிக்குக்கு மெல்லிய திரவப் பசைதான் வேண்டும். இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் பிரஷ்ஷால் தொட்டால் பசை தானே ஓடிப்போய்விடும். ஃபெவிக்விக் வேண்டாம். அதன் ஆவி பக்கத்தில் வெள்ளைப் படலமாகப் படியும்.

குழல் இரண்டு பாதியாக வந்தால், அந்த ஒட்டுக்கோட்டைப் புட்டி வைத்துத் தேய்த்து மறைக்காமல் மேலே போகாதீர்கள். பார்ப்பவர்களின் கண் முதலில் போகும் இடம் குழல்தான். மூடிகளைத் திறந்த நிலையில் ஒட்டி, உள்ளே கறுப்பு அட்டை ஒன்றை வையுங்கள். இல்லாவிட்டால் வெற்று பிளாஸ்டிக் டப்பா பல்லைக் காட்டும். சக்கரங்களையும் ட்ராக்கையும் பொருத்திப் பாருங்கள், ஆனால் ட்ராக்கை ஒட்டிவிடாதீர்கள்.

தரை: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

மரப்பலகை மேல் 3 செ.மீ. தடிமனுள்ள எக்ஸ்பிஎஸ் ஃபோம் (தெர்மாகோலைவிட நெருக்கமான, உதிராத வகை) அட்டையை ஃபெவிகாலால் ஒட்டுங்கள். கிடைக்கவில்லையென்றால் தெர்மாகோலும் ஆகும். ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும்: பிளாஸ்டிக் பசையும் ஸ்ப்ரே பெயின்டும் பட்டால் இரண்டுமே கரையும். நான் ஒருமுறை முழுப் பலகையையும் ஸ்ப்ரே செய்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது பலகையில் எரிமலை வாய்கள்தான் இருந்தன. மேற்பரப்பு முழுவதும் ஃபெவிகால் பூசிக் காய்ந்த பிறகே மற்றதெல்லாம்.

டேங்க் நிற்கும் இடத்தில் ட்ராக்குக்காக இரண்டு பள்ளங்களைக் கத்தியால் குடையுங்கள், 15 மி.மீ. ஆழம். டேங்க் வந்த வழியிலும் பள்ளம் வேண்டும். ஆனால் அது தொடக்கத்தில் 3 மி.மீ., டேங்கை நெருங்க நெருங்க ஆழம் கூடிக்கொண்டே வர வேண்டும். ஓட்டுநர் வேகத்தோடு வந்து மெல்ல மெல்ல மாட்டிக்கொண்டது அந்தச் சரிவிலேயே தெரிந்துவிடும்.

சேற்றுக் கலவைக்குச் செலவு அதிகமில்லை. சுவர்ப் புட்டி இரண்டு பங்கு, சலித்த மண் ஒரு பங்கு, ஃபெவிகால் அரைப் பங்கு, பழுப்பு அக்ரிலிக் வண்ணம், தண்ணீர். இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். மண்ணை முதலில் பழைய வாணலியில் வறுத்துவிடுங்கள், பூஞ்சையும் பூச்சியும் வராது. பிறகு டீ வடிகட்டியில் இரண்டு முறை சலியுங்கள். 3 மி.மீ. கூழாங்கல் ஒன்று தப்பி வந்தால், அது இந்த அளவில் தேங்காய் அளவுப் பாறை. பஞ்சாபின் வண்டல் வயலில் பாறைக்கு வேலையில்லை.

கலவையைப் பூசிய அரை மணி நேரத்தில், டேங்கின் அடிப்பகுதியில் சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அப்படியே அழுத்துங்கள். வலது பக்கம் இடதைவிட நான்கைந்து மி.மீ. ஆழமாகப் போகட்டும். நேராக அமுங்கிய டேங்கைவிடச் சாய்ந்து அமுங்கிய டேங்குக்குத்தான் எடை தெரியும். அழுத்தும்போது ஓரங்களில் பிதுங்கி எழும் சேற்றைத் தட்டிச் சமன் செய்துவிடாதீர்கள், நிஜத்திலும் அப்படித்தான் பிதுங்கும். டேங்கைத் தூக்கிவிட்டு, ட்ராக்கின் ஒரு துண்டை வந்த வழிப் பள்ளத்தில் அழுத்தி அச்சு எடுங்கள். ஓட்டுநர் மூடியிலிருந்து கரும்பை நோக்கி ஓடும் சில காலடித் தடங்கள் இருக்கட்டும், ஒவ்வொன்றும் 8 மி.மீ. நீளம். ஆளே இல்லாத காட்சியில் ஆட்களைப் பற்றிச் சொல்ல அந்தத் தடங்கள் மட்டும்தான் உண்டு.

இரண்டு நாள் காயட்டும். வெடிப்பு விட்டால் அதே கலவையை நீர்க்கக் கரைத்து ஊற்றுங்கள்.

டேங்குக்கு வண்ணம்

சாம்பல் பிரைமர், அதன்மேல் ஆலிவ் டிராப் என்ற ராணுவப் பச்சைப் பழுப்பு. டப்பாவில் உள்ள நிறத்தை அப்படியே அடித்தால் சிறிய பொருளில் மிகவும் கறுத்துத் தெரியும். கொஞ்சம் மஞ்சள் கலந்த வெளிர் நிறத்தால் வெளுக்கச் செய்யுங்கள், மேல்நோக்கி இருக்கும் பரப்புகளில் இன்னும் கொஞ்சம். ஏர்பிரஷ் இல்லையென்றால் ஸ்ப்ரே கேன் போதும், ஆனால் பலகையிலிருந்து பத்தடி தள்ளிப் போய் அடியுங்கள்.

கிட்டில் வரும் அமெரிக்க நட்சத்திரங்களை ஒட்ட வேண்டாம். பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. அதன்மேல் அடர்பழுப்பு எண்ணெய் வண்ணத்தைத் தின்னரில் நீர்க்கக் கரைத்து, ஆணித் தலைகளையும் மூடி ஓரங்களையும் மெல்லிய பிரஷ்ஷால் தொடுங்கள். ஈரம் இழுத்துக்கொண்டு தானே ஓடும். காய்ந்ததும் மங்கல் வார்னிஷ். வண்ணம் உரிந்த தழும்புகளை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுப்பது மிகவும் சுகமான வேலை, ஆகவே ஆபத்தானது. நான் ஐந்தே நிமிடத்தில் ஒரு டேங்கைக் காயலான் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். ஆட்கள் ஏறி இறங்கும் விளிம்புகளில் மட்டும் தொட்டுவிட்டு நிறுத்துங்கள்.

ட்ராக்கைத் தனியாக வண்ணமடித்து, இப்போது மாட்டுங்கள்.

கரும்பு

வெளிநாட்டு ஹாபிக் கடையில் கரும்பு கிடைக்காது, அதற்குத் தேவையும் இல்லை. வீட்டில் தென்னந்துடைப்பம் இருக்கிறதே! ஈர்க்குச்சியின் மெல்லிய நுனிப்பகுதியை 7 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள், அது நிஜத்தில் இரண்டரை மீட்டர். நான்கு மி.மீ.க்கு ஒரு கணு, பென்சிலால் ஒரு சுற்று.

நிறத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் தவறுவார்கள், நானும் தவறினேன். கரும்பு என்றதும் கை தானாகப் பொங்கல் கரும்பின் கருஞ்சிவப்புக்குப் போகும். ஆலைக்குப் போகும் வயல் கரும்பு மெல்லியது, பச்சையும் மஞ்சளும் கலந்தது. அந்த நிறத்தையே அடியுங்கள்.

தோகைக்குச் சாதாரணத் தாள் போதும். இரண்டு பக்கமும் பச்சை அடித்துக் காயவைத்து, ஒரு மி.மீ. அகலம், மூன்று நான்கு செ.மீ. நீளத்தில் நுனி கூராக வெட்டுங்கள். நடுநரம்பை முள்ளால் கீறினால் வண்ணம் உரிந்து வெள்ளைக் கோடு தெரியும், நிஜத் தோகையிலும் நரம்பு வெளுப்புதான். பென்சில் மேல் இழுத்து வளைத்து, தண்டுக்கு ஆறேழு வீதம் ஒட்டுங்கள். அடியில் இரண்டு காய்ந்த சோகை, பழுப்பு நிறத்தில்.

இரண்டரை செ.மீ. இடைவெளியில் மூன்று வரிசை, மொத்தம் 120 தண்டு என்றால் எண்ணூறு தோகைக்கு மேல் வரும். மலைக்க வேண்டாம், ஒரு நாளைக்கு ஐந்து தண்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்துக்குள் முடியும். பின் வரிசைக்கு அரைகுறைத் தோகை போதும், யாருக்கும் தெரியாது. டேங்க் வந்த பாதையில் தண்டுகளை ஒடித்து, டேங்க் போன திசையிலேயே சாய்த்துச் சேற்றில் அழுத்துங்கள். எல்லாப் பக்கமும் சிதறவிட்டால் அது யானை புகுந்த காடு.

டேங்கை உட்கார வைத்தல்

பள்ளத்தில் எபாக்ஸிப் பசை வைத்து டேங்கை இறக்குங்கள். சுற்றிலும் இடுக்கு இருக்கும், அதை அதே தரைக் கலவையால் நிரப்புங்கள். 'அதே' என்பது இங்கே முக்கியம். டேங்கின் மேல் அப்பும் சேறும் தரையின் சேறும் ஒரே டப்பாவிலிருந்து வந்தால்தான் டேங்க் அந்த வயலைச் சேர்ந்ததாகத் தெரியும். சக்கரங்களின் மேல்பாதியில் காய்ந்த, வெளிர்ந்த சேறு. கீழே வரவர அடர்நிறம். ட்ராக்கை ஒட்டி ஈரப் பளபளப்பு. பிரஷ்ஷை நீர்த்த கலவையில் தோய்த்து, பல்குத்தும் குச்சியால் முடியைச் சுண்டினால் தெறிப்புகள் கிடைக்கும். முதலில் பழைய செய்தித்தாளில் சுண்டிப் பழகுங்கள்.

தண்ணீர்

தண்ணீருக்கு, ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் தெளிவான எபாக்ஸி ரெசின். தரை முழுவதும் நீர்த்த ஃபெவிகால் பூசிக் காயவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணுக்குள் இருக்கும் காற்று குமிழியாகக் கிளம்பும். பலகையின் நான்கு ஓரங்களிலும் பிளாஸ்டிக் தாளை இறுக ஒட்டி அணை கட்டுங்கள். ஊசித்துளை இருந்தாலும் ரெசின் இரவோடு இரவாக வெளியேறி உங்களையும் மேசையையும் நிரந்தரமாக இணைத்துவிடும்.

பாட்டிலில் சொன்ன விகிதத்தைத் துளியும் மாற்றாமல் அளந்து, மெதுவாகக் கலக்குங்கள். கையுறையும் திறந்த ஜன்னலும் அவசியம். குச்சி நுனியில் தொட்ட அளவு பழுப்பு எண்ணெய் வண்ணம் சேருங்கள், வயல் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்காது. ஒரு தடவைக்கு 2 மி.மீ. மட்டும் ஊற்றி, ஒரு நாள் விட்டு அடுத்தது. பள்ளங்கள் நிரம்பி, மேடுகள் வெளியே தெரியும்போது நிறுத்துங்கள். ரெசின் கரும்புத் தண்டில் கொஞ்சம் ஏறிப் பளபளக்கும். காய்ந்ததும் அந்த இடத்தில் மங்கல் வார்னிஷ் தொட்டால் போய்விடும்.

திருத்தம்

ஒரு வாரம் துணி போட்டு மூடி வையுங்கள். பிறகு செல்போனைப் பலகை மட்டத்துக்கு இறக்கி, 5 செ.மீ. உயர மனிதன் பார்ப்பதுபோல் படமெடுத்துப் பாருங்கள். நேரில் பார்க்கும்போது தெரியாத தவறுகளைப் படம் காட்டிக்கொடுக்கும்: தேய்க்காத ஒட்டுக்கோடு, தரையைத் தொடாத சக்கரம், ஒரே உயரத்தில் வெட்டிய கரும்பு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால், டேங்கும் கரும்பும் ஒரே அடர்த்தியில் கலந்துபோயிருக்கிறதா என்பதும் தெரியும். கலந்திருந்தால் டரட்டின் (குழல் பொருத்திய, சுழலும் மேல்பகுதி) மேற்பரப்பில் இன்னும் கொஞ்சம் தூசி நிறம் சேருங்கள். வாய்ப்பிருந்தால் மகாராஷ்டிராவின் அகமத்நகரில் (இப்போது அகில்யாநகர்) உள்ள டேங்க் அருங்காட்சியகத்துக்குப் போய் நிஜ பேட்டனைப் பாருங்கள். வார்ப்பு எஃகு டரட்டின் சொரசொரப்பை அங்கே பார்த்த பிறகுதான், என் டரட் ஏன் பிளாஸ்டிக் கிண்ணம் போல இருந்தது என்று புரிந்தது. திரவப் பசையைப் பூசி, அது இளகியிருக்கும்போது தேய்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷால் குத்தினால் அந்தச் சொரசொரப்பு வரும். வண்ணத்துக்கு முன்பே செய்யுங்கள், நான் பிறகு செய்து மாட்டிக்கொண்டேன்.

கடைசியாக மூடி. எண்ணூறு தோகை மேல் படிந்த தூசியைத் துடைக்கவே முடியாது. அக்ரிலிக் பெட்டிக்கு அதிக விலை சொன்னால், மீன் தொட்டி செய்யும் கடையில் 32 × 24 × 20 செ.மீ. அளவில் அடியில்லாத கண்ணாடிப் பெட்டி கேளுங்கள். எந்த மீனுக்கு என்று கேட்பார்கள்.