வளவுப் பறவைகளின் மாற்றத்தைக் கவனிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இந்த முறை பஞ்சுருட்டான்களைக் காணவே இல்லை, அவற்றுக்கு என்ன நடந்ததோ" என்ற கவலையைச் சித்திரை பிறந்த பிறகு வட இலங்கையின் வன்னி வீடுகளில் கேட்க முடிகிறது. கவலை நியாயமானது, ஆனால் அதிலிருந்து பெறப்படும் முடிவு பெரும்பாலும் பிழையானது. எங்கள் பகுதியில் இரண்டு வகைப் பஞ்சுருட்டான்கள் பொதுவாகத் தென்படுகின்றன. சிறிய பச்சைப் பஞ்சுருட்டான் ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்கிறது. உருவில் பெரியதான நீலவால் பஞ்சுருட்டானோ பெரும்பாலும் புரட்டாதி அளவில் வந்து, மாரி முழுவதும் மின்கம்பிகளில் அமர்ந்து பூச்சி பிடித்துவிட்டு, பங்குனி சித்திரையில் வடக்கே திரும்பிவிடும். வலசை போன பறவையை அழிந்த பறவையாகக் கருதுவதே இத்துறையில் மிகப் பரவலான முதல் தவறு.

வருகையிலும் இதே தவறு நேர்கிறது. ஐப்பசியில் திடீரென முற்றத்தில் பச்சை, நீலம், செம்மை எனப் பல நிறங்களுடன் குட்டைவால் பறவையொன்று களைத்துக் கிடந்தால், யாரோ கூட்டில் வளர்த்தது தப்பி வந்துவிட்டதென்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அது ஆறுமணிக்குருவி. இந்தியாவிலிருந்து கடல் கடந்து வரும் இப்பறவை காலையிலும் மாலையிலும் ஆறு மணியை அண்டிக் குரல் எழுப்புவதால் அப்பெயர் பெற்றது. வந்திறங்கும் நாட்களில் சுவரிலும் யன்னல் கண்ணாடியிலும் மோதி விழுவதுண்டு. அதனைக் கூட்டில் அடைக்காமல், காற்றுப் புகும் அட்டைப்பெட்டியொன்றில் இருட்டாகவும் அமைதியாகவும் சில மணி நேரம் வைத்திருந்து, தெளிந்ததும் மரநிழலில் விட்டுவிடுவதே முறை.

நிறமாற்றத்தைப் புதிய இனத்தின் வருகையாகக் கொள்வதும் தவிர்க்கப்பட வேண்டியது. வயலில் மாடுகளுடன் திரியும் வெள்ளைக் கொக்கின் தலையிலும் கழுத்திலும் இனப்பெருக்க காலத்தில் செம்மஞ்சள் ஏறும். ஆண் தூக்கணாங்குருவி கூடு கட்டும் பருவத்தில் மட்டுமே மஞ்சள் தலையுடன் இருக்கும். ஏனைய மாதங்களில் பார்ப்பவருக்கு அது சிட்டுக்குருவியின் பெட்டை போலவே தோன்றும். கறுப்புக் குயிலும் புள்ளிகள் நிறைந்த கபிலக் குயிலும் ஓரினத்தின் ஆணும் பெண்ணுமே. தோகையில்லாத ஆண் மயிலைக் கண்டு யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று கோபப்படுவதற்கு முன், இனப்பெருக்க காலம் முடிந்ததும் அது தானாகவே உதிரும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

குளத்தை அண்டி வாழ்பவர்கள் நீர்மட்டத்தைக் குறிக்காமல் பறவைகளை மட்டும் எண்ணுவது பெரும் குறைபாடாகும். இரணைமடுவோ வவுனிக்குளமோ நிரம்பி வான் பாயும் நாட்களில், கரையோர ஆழமின்மையை நம்பி இரை தேடும் கொக்குகளும் நாரைகளும் நிற்க இடமின்றி வயல்களுக்கும் சிறு மோட்டைகளுக்கும் பிரிந்து போகின்றன. கோடையில் நீர் வற்றி அலைகரை வெளித்தெரியும்போது, ஒடுங்கிய நீரில் மீன்கள் நெருங்க, அதே பறவைகள் ஓரிடத்தில் நூற்றுக்கணக்கில் கூடுகின்றன. மார்கழியில் பத்து, ஆடியில் இருநூறு என்ற இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பறவைகள் பெருகிவிட்டன என்று சொல்வது பொருந்தாது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியிலேயே நடத்தப்படுவதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று: ஒரே பருவத்தை அதே பருவத்தோடுதான் ஒப்பிடலாம்.

நான் மிகவும் வருந்தி எழுத வேண்டியிருப்பது நினைவை நம்பும் தவறைப் பற்றித்தான். வன்னியில் எங்களில் பலருக்கு இடைவெளியில்லாத நினைவு கிடையாது. போரில் இடம்பெயர்ந்து, 2009 இற்கு முன் விட்டுச் சென்ற வளவுக்கு மீளக் குடியேறியபோது, வேலியும் கிணற்றடியும் தெரியாதபடி நாயுண்ணியும் பற்றைகளும் மூடியிருந்தன. காட்டுக்கோழியும் செண்பகமும் வீட்டு வாசல்வரை வந்து போயின. பின்னர் வளவைத் துப்புரவாக்கினோம், அவை விலகின, காகமும் மைனாவும் நெருங்கின. அன்று வந்த காட்டுப் பறவைகளை ஒருவர் "பழைய காலம்" என்கிறார். இடம்பெயர்வதற்கு முந்திய பனங்கூடலையும் அதில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூடுகளையும் அவருடைய தாயார் "பழைய காலம்" என்கிறார். மீள்குடியேற்றத்திற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கோ இன்றைய வளவே இயல்பானது. மூவரும் உண்மையையே சொல்கிறார்கள், ஆனால் மூவரும் வெவ்வேறு தொடக்கப் புள்ளிகளிலிருந்து அளக்கிறார்கள். ஆகவே முதியவர்களிடம் கேட்கும்போது "முன்பு நிறைய இருந்ததா" என்று கேட்பதை விட, எந்த ஆண்டு, எந்த மரம், வளவைச் சுற்றி அப்போது வயலா காடா என்று கேட்டு எழுதிக்கொள்வது பெரும் பயன் தரும்.

ஒரே காரணத்தில் எல்லாவற்றையும் ஏற்றுவதும் தவறு. சிட்டுக்குருவி குறைந்த இடங்களில் அலைபேசிக் கோபுரத்தைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அது நிறுவப்பட்ட காரணமன்று. கண்ணுக்கெட்டியவற்றை முதலில் பாருங்கள்: கிடுகு வீட்டின் முகட்டிலும் ஓட்டு இடுக்கிலும் கூடு வைத்த பறவைக்கு, இடைவெளியின்றிப் பூசப்பட்ட சுவர் இடம் தருகிறதா? தானியம் உண்ணும் குருவியாயினும் குஞ்சுகளுக்குப் பூச்சியையே ஊட்டுகிறது. வயலிலும் தோட்டத்திலும் அடிக்கடி பூச்சிநாசினி தெளிக்கப்படும்போது அந்த இரை எங்கிருந்து கிடைக்கும்?

இவற்றைத் தவிர்க்க ஒரு கொப்பி போதும். வாரத்தில் ஒரே நாளில், விடிந்து முதல் ஒரு மணி நேரத்தில், ஒரே இடத்திலிருந்து இருபது நிமிடம் பார்த்து, திகதி, மழை, காற்று, குளத்தின் நிலை, வெட்டப்பட்ட அல்லது பூத்த மரம் ஆகியவற்றோடு பறவைகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பருமன், சொண்டு, வால், நடத்தை ஆகியவற்றை எழுதலாம். ஊகித்துப் பெயரிடுவது பின்னர் திருத்த முடியாத பிழையாகிவிடும். எதிர்பார்த்த பறவை வராத நாளில் பலர் கொப்பியைத் திறப்பதே இல்லை. அதனால் பறவை வராத நாளா, பார்க்காத நாளா என்பது ஓராண்டுக்குப் பின் அவர்களுக்கே தெரியாமற் போகிறது. வராவிட்டால் பூச்சியம் என்று எழுதுங்கள்.

இறுதியாக, மாற்றத்தைக் கண்டதும் கை வைக்க விரையாதீர்கள். நிலத்தில் தத்தும் இறகு முளைத்த குஞ்சைப் பெரும்பாலும் தாய்ப்பறவை அருகிலிருந்தே ஊட்டிக்கொண்டிருக்கும். பூனையையும் நாயையும் அப்பால் வைத்தால் போதும். ஆனால் காகங்களோ கொக்குகளோ ஒரே நேரத்தில் பல இறந்து கிடந்தால், பிள்ளைகளையும் வீட்டுக் கோழிகளையும் அவ்விடத்திற்கு விடாமல், வெறுங்கையால் தொடாமல், பிரதேசக் கால்நடை வைத்தியருக்கு அன்றே அறிவித்துவிட வேண்டும்.